சங்கக் கணக்கிற்கு நிரலாளரை அமர்த்துதல்

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரங்களிலுள்ள கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு பொருள் அடிக்கடி விவாதத்திற்கு வருகிறது. அங்கத்தினர் பதிவேடு, நூல் வழங்கல், துணி வரவு, கூலிப் பட்டுவாடா ஆகியவற்றைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். அதற்குரிய மென்பொருளைச் செய்து தரத்தக்க ஆள் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதே அது. பெரிய நிறுவனங்கள் சொல்லும் தொகை சிறு சங்கத்தின் சக்திக்கு அப்பாற்பட்டதாக இருக்கிறது. ஆகவே, எந்த நிறுவனத்தையும் சாராமல் தனியாகத் தொழில் செய்யும் நிரலாளர் ஒருவரை, அதாவது வழக்கில் புரோகிராமர் எனப்படுபவரை, இந்த ஒரு வேலைக்கு மட்டும் அமர்த்திக்கொள்ளலாமா என்று அங்கத்தினர்கள் கேட்கிறார்கள். தாராளமாக அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் ஆளைத் தேடுவதற்கு முன் சங்கம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆள் கிடைத்தபின் எழுத்தில் வாங்க வேண்டியது ஒன்று உண்டு. இவ்விரண்டும் இல்லாமல் ஆளைத் தேடுவதிலேயே காலத்தைச் செலவிடும் சங்கங்கள்தாம் பின்னால் இடர்ப்படுகின்றன.

முதற்கண், எல்லாச் சங்கங்களுக்கும் இந்தத் தேவை இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாடெங்கிலுமுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க ரூ. 2,516 கோடி மதிப்பிலான திட்டத்திற்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. சங்கங்களின் எண்ணிக்கையும் மதிப்பீடும் பின்னர் உயர்த்தப்பட்டன. அத்திட்டத்தில் நபார்டு வங்கியின் பொறுப்பில் பொதுவான மென்பொருள் ஒன்றே வழங்கப்படுகிறது. எனவே, பயிர்க்கடன் கொடுக்கும் சங்கம் ஒன்று அதே வேலைக்குத் தனியாக ஒரு மென்பொருள் செய்யப் பணம் ஒதுக்குமாயின், விவசாய அங்கத்தினர்கள் பேரவையில் எழுந்து காரணம் கேட்பது முறையே. நெசவாளர் சங்கங்கள் அத்திட்டத்தில் அடங்கா. தேங்காயையும் மாங்காயையும் சேர்த்து விற்பதற்கென்று விவசாயிகள் தாமே கூடி நடத்தும் சிறு குழுக்களும் அடங்கா. இக்கட்டுரை பெரும்பாலும் இவர்களுக்காக எழுதப்படுகிறது.

கணினி வாங்கிய சங்கங்களில் காரியதரிசி எக்செல் அட்டவணையில் ஏதோ ஒரு வகையில் கணக்கு வைத்திருப்பார். அங்கத்தினர் 100 பேருக்கு உட்பட்டு, பதிவு செய்பவரும் ஒருவரேயாயின் அதுவே போதும் என்பது என் கருத்து. நிரலாளருக்குக் கொடுக்கும் பணத்தைப் பங்கு ஈவாகக் கொடுக்கலாம். அட்டவணை எங்கே போதாமற் போகிறதென்றால், ஒரே செய்தி பல இடங்களில் எழுதப்படும்போதுதான். ஓர் அங்கத்தினர் காலமாகிறார். அங்கத்தினர் அட்டவணையில் அவர் பெயருக்கு எதிரே குறிப்பு எழுதப்படுகிறது. நூல் வழங்கல் அட்டவணையில் எழுதப்படவில்லை. அவர் பெயரில் நூல் நிலுவை நின்றுகொண்டே இருக்கிறது. ஆண்டு முடிவில் இரண்டு அட்டவணைகளும் இரண்டு தொகையைக் காட்டுகின்றன. எது சரி என்று தணிக்கையாளர் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

தரவுத்தளம் என்பது இந்தக் குறையைப் போக்க வந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற அறிஞர் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை ஒன்றில் இதற்கான அடிப்படை வகுக்கப்பட்டது. அதன் சாரம் நம் காரியதரிசிகளுக்குப் புதிதன்று. ஒவ்வொரு வகைச் செய்திக்கும் ஒரு பேரேடு. ஒரு செய்தி ஒரே பேரேட்டில்தான் எழுதப்படும். மற்றப் பேரேடுகள் அதை எண்ணால் மட்டும் குறிக்கும். அங்கத்தினரின் பெயர், முகவரி, வாரிசு ஆகியன அங்கத்தினர் பேரேட்டில் மட்டும் இருக்கும். நூல் வழங்கலிலும் துணி வரவிலும் கூலியிலும் அவருடைய அங்கத்தினர் எண் மட்டுமே வரும். பாவிலே ஓடும் இழைபோல அந்த எண் எல்லாப் பேரேடுகளிலும் ஓடுகிறது. முகவரி மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். இத்தகைய தரவுத்தளத்தை நடத்தும் போஸ்ட்கிரஸ், மைசீக்குவல், எஸ்கியூலைட் போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. நிரலாளர் செய்ய வேண்டியது, அவற்றின்மேல் நம் பேரேடுகளை அமைத்து, பதிவு செய்வதற்குரிய திரைகளையும், அச்சிட்டு எடுப்பதற்குரிய பட்டியல்களையும் உண்டாக்குவதுதான்.

நிரலாளரின் தொழில் யாது என்று ஐயுறும் நெசவாள அன்பர்கள் ஜக்கார்டுப் பெட்டி பொருத்திய தறியை நினைத்துக்கொள்ளலாம். வரைபடத்தாளில் உள்ள பூவைப் பார்த்து ஒருவர் அட்டைகளில் துளையிட்டுக் கொடுக்கிறார். அந்தத் துளைகளின்படி இழைகள் ஏறி இறங்குகின்றன. பூ எப்படி இருக்கவேண்டும் என்பதைத் துளையிடுபவர் தீர்மானிப்பதில்லை. படத்தில் உள்ளதை அவர் தறிக்குப் புரியும்படி மாற்றுகிறார். அவ்வளவே. இதே துளை அட்டையைத்தான் ஹெர்மன் ஹாலரித் என்பவர் அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கிற்குப் பயன்படுத்தினார். பிற்காலத்துக் கணினிகளும் நெடுநாள் அட்டையிலேயே கட்டளைகளைப் படித்தன. படம் இல்லாமல் அட்டை அடிக்கச் சொல்வோர் எவருமிலர். ஆனால் தேவையை எழுதாமல் மென்பொருள் செய்யச் சொல்லும் சங்கங்கள் பல உள.

ஆகவே, சங்கம் தன் படத்தை முதலில் வரைய வேண்டும். அதைத் தேவைக் குறிப்பு எனலாம். இதற்குக் கணினிப் படிப்பு வேண்டியதில்லை. கூலிக் கணக்குப் பார்க்கும் எழுத்தரும், நூல் கிடங்கைப் பார்ப்பவரும், நெசவாள அங்கத்தினர் இருவரும் இரண்டு பிற்பகல் உட்கார்ந்தால் எழுதி முடிக்கலாம். இப்போது கையால் எழுதும் ஒவ்வொரு பதிவேட்டிலிருந்தும் உண்மையான ஒரு மாதத்துப் பக்கங்களை எடுத்து, எந்தப் பத்தியில் உள்ள தொகை எங்கிருந்து வருகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். மாத முடிவில் எந்தெந்தப் பட்டியல் அச்சாகி வரவேண்டும், அதில் யார் கையொப்பமிடுகிறார் என்று எழுதுங்கள். கணினியில் பதிவு செய்பவர் யார், பார்க்க மட்டும் உரிமையுள்ளவர் யார், திருத்த உரிமையுள்ளவர் யார் என்று எழுதுங்கள். பதிந்த தொகையைத் திருத்தினால் பழைய தொகையும் திருத்தியவர் பெயரும் தேதியும் அழியாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு மையால் அடித்துச் சுருக்கொப்பமிடும் வழக்கத்தின் பயனை நாம் இழந்துவிடக் கூடாது.

குறிப்பின் உயிர்நிலை விதிவிலக்குகளில் இருக்கிறது. வழக்கமாக நடப்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். வழக்கத்திற்கு மாறாக நடப்பதை நிரலாளர் ஊகிக்க முடியாது; நாமும் அதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். கணவன் பெயரில் அங்கத்தினர் சேர்க்கை, மனைவி கையில் தறி, கூலி யார் கணக்கில்? ஒரு பாவில் நெய்த துணியில் பாதி இந்த வாரமும் பாதி அடுத்த வாரமும் வந்தால் நூல் கணக்கு எப்போது முடிகிறது? சேதாரம் எவ்வளவு வரை ஏற்கப்படுகிறது, அதற்கு மேற்பட்டால் கூலியில் பிடித்தமா, எச்சரிக்கையா? அரசுத் திட்டத்திற்கு நெய்த சேலைக்கும் கோ-ஆப்டெக்ஸ் கொள்முதலுக்கு நெய்த சேலைக்கும் கணக்கு வேறாயின் எந்த இடத்தில் பிரிகிறது? திருவிழா முன்பணம் ஒரே தவணையில் பிடிக்கப்படுகிறதா, பல தவணைகளிலா; கூலி குறைவாக உள்ள வாரத்தில் பிடித்தம் தள்ளிவைக்கப்படுமா? நெசவாளர் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்திற்குக் கூலியில் பிடிக்கும் காசு எந்த நிலையில் முழு ரூபாயாக்கப்படுகிறது? கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றும். ஆனால் வாரத்திற்கு வாரம் சேரும் காசு வித்தியாசத்தால் அங்கத்தினரின் கைப்புத்தகமும் சங்கத்தின் பேரேடும் ஒத்துவராமற் போவதை ஆய்வாளர்கள் எல்லோரும் கண்டிருக்கிறார்கள்.

விளைபொருள் விற்போருக்கும் இதே போன்று உண்டு. தேங்காய் சில வியாபாரிகளுக்கு எண்ணிக்கையிலும் சிலருக்கு எடையிலும் போகிறது. ஒரே தோப்பின் காய் இருவகையிலும் விற்றால் இருப்பை எந்த அளவில் வைப்பது? மாங்காயில் இரகம் பிரித்தபின் கழிவாக ஒதுக்கியது யார் கணக்கில் எழுதப்படும்? இராஜபாளையம் பக்கத்து மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் ஒருவர், நில உரிமையாளர் வேறொருவர் என்றால் பணம் பெறும் அங்கத்தினர் எவர்? இவற்றிற்குச் சங்கத்தில் விடை இல்லையென்றால் கணினியிலும் விடை இராது. முதலில் நிர்வாகக் குழு தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

பெயர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள், கோதை, ரெங்கநாயகி, ரெங்கமன்னார் என்ற பெயர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. இராஜபாளையத்தில் ராஜா என்று முடியும் பெயர்களும் அப்படியே. தலைப்பெழுத்தும் ஒன்றாக அமைந்துவிட்டால் இருவரைப் பிரித்தறிய வழியில்லை. அன்றியும், ஒருவரே ஒரு பதிவேட்டில் ரங்கநாயகி, மற்றொன்றில் ரெங்கநாயகி. மனிதர்க்கு இது ஒரே பெயர். கணினிக்கு இரு வேறு பெயர்கள். எனவே பெயரைக் கொண்டு கணக்கை இணைக்கும் நிரலை ஏற்கவே கூடாது. அங்கத்தினர் எண்ணே ஆதாரம். அந்த எண், அங்கத்தினர் விலகினாலும் காலமானாலும், வேறொருவருக்குத் திரும்பக் கொடுக்கப்படலாகாது.

தமிழ் எழுத்தைப் பற்றியும் நிரலாளரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். சங்கத்தில் பழைய பட்டியல்கள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சாகி இருக்கக்கூடும். அவை திரையில் தமிழாகத் தோன்றினாலும், உள்ளே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பவை. வேறு கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் காட்சியளிக்கும். யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டில் 1991-ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதைத் தரமாக ஏற்றது. ஆகவே எல்லாப் பெயர்களும் யூனிகோடில்தான் இருக்க வேண்டும். பழையவற்றை மாற்றித் தருவது யார் பொறுப்பு என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. அதில் எழுத்துகளின் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசையன்று. ன என்பது ந-வை அடுத்தும், ஜ என்பது ச-வை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின் வருகிறது. ஆகவே நிரலாளர் கவனியாது விட்டால் வள்ளிக்கு முன்னே வனிதாவும், கல்யாணிக்கு முன்னே கலாவதியும் வந்து நிற்பார்கள். தமிழ் அகர வரிசைப்படி அடுக்கும் வசதி இந்த மென்பொருள்கள் பலவற்றிற்கு உண்டு. அதைச் சொல்லிக் கேட்டுப் பெற வேண்டும். பேரவைக்கு முன் வாக்காளர் பட்டியல் ஒட்டும் நாளில் இதன் அருமை தெரியும்.

இனி, ஆளைத் தேடும் விஷயம். இது பலர் எண்ணுவதுபோல் அரிய காரியமன்று. இராஜபாளையத்திலும் கிருஷ்ணன்கோவிலிலும் பொறியியற் கல்லூரிகள் உள்ளன; பாலிடெக்னிக்குகளும் கலைக்கல்லூரிகளும் கணினி பயிற்றுகின்றன. சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் வேலை பார்த்துவிட்டு, பெற்றோரைக் கவனிக்கவோ வேறு காரணத்தாலோ ஊர் திரும்பி வீட்டிலிருந்தே தொழில் செய்வோரும் இருக்கிறார்கள். தென்காசியை அடுத்த மத்தளம்பாறை கிராமத்தில் ஜோஹோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் திறந்த பிறகு, மென்பொருள் என்றால் பெருநகரம் என்ற எண்ணமே நம் பக்கத்தில் மாறிவிட்டது. கல்லூரி ஆசிரியர்களிடமும், ஏற்கெனவே கணக்கு மென்பொருள் செய்வித்துக்கொண்ட நூற்பாலை, பேண்டேஜ் துணி வியாபாரம், மருந்துக் கடை முதலியவற்றிலும் விசாரித்தால் நாலைந்து பெயர்கள் கிடைத்துவிடும். இணையத்தில் உலகெங்கிலுமுள்ள நிரலாளர்கள் விலை கூறும் சந்தைகளும் உள. அங்கே மலிவாகவும் திறமையாகவும் ஆள் கிடைக்கலாம். ஆனால் கூலி நாளன்று நம் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து, பாவு கொண்டுவருபவரும் பணம் வாங்குபவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவரால் பார்க்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, இரு ஊர்களுக்குமிடையே பஸ் ஏறி வரக்கூடிய தொலைவில் உள்ளவரை நான் விரும்புவேன்.

கல்லூரி மாணவர்களைக் கொண்டு இலவசமாகச் செய்வித்துக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை கூறுகிறார்கள். தேவைக் குறிப்பு எழுதவும் மாதிரித் திரை வரையவும் மாணவர் உதவி மிக நன்று. கூலிக் கணக்கை அவர்களிடம் விடலாகாது. அவர்களுடைய வேலை மதிப்பெண் பெறும் நாளோடு முடிகிறது. நம்முடைய வேலை அன்றுதான் தொடங்குகிறது. நிர்வாகக் குழு உறுப்பினரின் உறவினரை அமர்த்துவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர் திறமைசாலியாகவே இருக்கலாம். வேலையில் குறை கண்டால் பணத்தை நிறுத்திவைக்க அந்தக் குழுவுக்கு மனம் வருமா என்பதே கேள்வி.

விலைப்புள்ளி கேட்கும்போது தேவைக் குறிப்பின் நகலையே எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். ஒரே படத்திற்குச் சொன்ன விலைகளைத்தான் ஒப்பிட முடியும். பைலாவும் துறை விதிகளும் கூறும் முறையில் விலைப்புள்ளிகளைப் பெற்று, ஒருவரைத் தெரிந்தெடுத்ததன் காரணத்தைத் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். ஆண்டு வருமானம் ரூ. 20 இலட்சத்திற்கு உட்பட்ட சேவைத் தொழிலர் நம் மாநிலத்தில் ஜி.எஸ்.டி. பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. எனவே தனி நிரலாளர் ஒருவர் விலையின்மேல் வரி சேர்த்துக் கேட்டால், பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்த்தபின் கொடுப்பதே ஒழுங்கு.

திறமையை அளப்பது எப்படி? சான்றிதழைப் பார்த்து அன்று. முன்பு வேலை செய்து கொடுத்த இருவரின் தொடர்பைப் பெற்று, வேலை முடிந்து ஓராண்டிற்குப் பின்னும் தொலைபேசி எடுத்தாரா என்று கேளுங்கள். பிறகு, கற்பனையான 20 பெயர்களைக் கொடுத்து, நூல் வழங்கல் பேரேடு ஒன்றை மட்டும் சிறு கூலிக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். இலவசமாகக் கேட்பது நமக்கு அழகன்று. அந்தச் சமயத்தில் ஒரு கேள்வி கேட்கலாம்: “பணத் தொகையை எந்த வகை எண்ணாகச் சேமிப்பீர்கள்?” கணினி பதின்மப் பின்னங்களை இரும எண்ணாக மாற்றி வைக்கும்போது பத்துக் காசு, இருபது காசு போன்றவை துல்லியமாக அமைவதில்லை, பல்லாயிரம் பதிவுகளில் மொத்தம் சில காசு பிசகும். கணக்கு மென்பொருளில் பழகியவர் முழுக் காசாகவோ, அதற்கென்றே உள்ள பதின்ம வகையிலோ சேமிப்பதாகச் சொல்வார். கேள்வியே புரியாதவரை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலை நொடியில் எழுதித் தருகின்றன; நிரலாளர் அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. பிசகு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார் என்பது மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

இங்கே வாசகர்கள் மிகவும் கருத்தூன்ற வேண்டிய பகுதிக்கு வருகிறோம். சங்கம் பணம் கொடுத்து அடித்து வாங்கிய ஜக்கார்டு அட்டை சங்கத்தின் கூடத்தில் தொங்குகிறது. அடித்தவர் ஊரைவிட்டுப் போனாலும் அட்டை நம்முடையது. மென்பொருளும் அப்படித்தான் என்று எல்லோரும் கருதுகிறார்கள். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-இல் செய்யப்பட்ட திருத்தம் முதலாகக் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்ந்துவிட்டது. கதைக்கு ஆசிரியர் எப்படியோ நிரலுக்கு நிரலாளர் அப்படி. சம்பளத்திற்கு அமர்ந்த ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை 17-ஆவது பிரிவின்படி உரிமை முதலாளியைச் சேரும். தனியே தொழில் செய்பவர் நம் ஊழியர் அல்லர். பணம் முழுவதும் கொடுத்துத் தீர்த்தாலும், எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை உரிமை அவரிடமே நிற்கும். 19-ஆவது பிரிவு, உரிமை மாற்றம் கையொப்பமிட்ட பத்திரமாக இருக்க வேண்டும் என்கிறது. அன்றியும், காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டுக்கு மட்டுமே மாற்றியதாகக் கொள்ளப்படும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. “உரிமை சங்கத்தைச் சேரும்” என்று ஒரு வரி எழுதி மகிழ்ந்திருக்கும் சங்கம் ஆறாம் ஆண்டில் விழித்துக்கொள்ள நேரும். பதிப்புரிமை நிலவும் முழுக் காலத்திற்கும் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். நிரலாளர் தாம் வேறு பலருக்கும் பயன்படுத்தும் பொதுப் பகுதிகளை மாற்றித் தர உடன்படமாட்டார். அது நியாயமே. அவற்றைச் சங்கம் காலவரையின்றிப் பயன்படுத்தவும், வேறொருவரைக் கொண்டு திருத்தவும் அனுமதி பெற்றால் போதும்.

உரிமை காகிதத்தில் இருந்தால் மட்டும் வேலை நடந்துவிடாது. மூல நிரல், அதாவது நிரலாளர் எழுதிய வடிவிலேயே உள்ள நிரல், ஒவ்வொரு தவணைப் பணத்தின்போதும் சங்கத்தின் கையில் வந்து சேர வேண்டும். இணையத்தில் இடம் வாடகைக்கு எடுப்பதானால் சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் மின்னஞ்சலிலும் எடுக்க வேண்டும். கடவுச்சொற்கள் எழுதப்பட்டு, மூடிய உறையில் முத்திரையிட்டு, இரும்புப் பெட்டியில் ரொக்கத்தோடு இருக்க வேண்டும். நான் ஆய்வு செய்த ஒரு சங்கத்தில் இவையெல்லாம் நிரலாளரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தன. அவர் நல்லவர், ஏமாற்றியவர் அல்லர். வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். இட வாடகைக்குரிய நினைவூட்டல் அவருடைய பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் திரை திறக்கவில்லை. இரண்டு மாத காலம் நெசவாளர்கள் தங்கள் கைப்புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டி, அதைப் பார்த்து எழுத்தர் கூலி எழுதினார். கைப்புத்தகம் வைத்திராதவர்கள் பாடு எப்படியிருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேண்டுமென்றே காட்டிய கவனக்குறைவால் சங்கத்திற்கு இழப்பு நேருமாயின் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆவது பிரிவு, தண்டத் தீர்வையாக அதைப் பொறுப்பாளர்களிடம் வசூலிக்க இடம் தருகிறது என்பதை நிர்வாகக் குழுவினர் நினைவில் வைப்பது நலம்.

நிரலாளரிடம் சோதனைக்காக உண்மை அங்கத்தினரின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் கொடுக்கும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். கற்பனைப் பெயர்களே போதும். மின்னணு வடிவிலுள்ள தனிநபர் தரவுகளைக் காப்பதற்கென 2023-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. அதன் நோக்கில், தரவைத் திரட்டிப் பயன்படுத்தும் பொறுப்பு சங்கத்தினுடையது. நிரலாளரிடமிருந்து வெளியானது என்று கையைக் கழுவிவிட முடியாது. ஒவ்வொரு பேரேட்டிற்கும் ஆதார் எண் உண்மையில் வேண்டுமா என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நூல் கொடுப்பதற்கு எதற்கு?

பணத்தை நான்கு தவணையாகப் பிரிப்பது எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. ஒப்பந்தத்தின்போது ஒரு சிறு பகுதி. அங்கத்தினர் பேரேடும் நூல் பேரேடும் நடந்து காட்டியதும் ஒரு பகுதி. கூலிப் பட்டியல் அச்சாகி வந்ததும் ஒரு பகுதி. கடைசிப் பகுதியைக் கையெழுத்துப் பேரேடும் கணினியும் மூன்று மாதம் அக்கம்பக்கமாக நடந்து, ஒவ்வொரு மாத முடிவிலும் காசு பிசகாமல் ஒத்துவந்த பிறகே கொடுக்க வேண்டும். இம்மூன்று மாதமும் எழுத்தருக்கு இரட்டை வேலை, அவர் முணுமுணுப்பார். அவருக்கு மேற்படி ஏற்பாடு முன்னமே சொல்லப்பட்டு, இயன்றால் சிறு ஊக்கத்தொகையும் தீர்மானத்தில் சேர்க்கப்பட வேண்டும். தவிர, ஆண்டுப் பராமரிப்பிற்கு என்ன தொகை, அழைத்தால் எத்தனை நாளில் வருவார் என்பதையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால் பிற்பாடு அவர் சொன்னதே விலை.

80-ஆவது பிரிவின்படி நடக்கும் தணிக்கைக்காக, மாதந்தோறும் நூல் இருப்பு, கூலி, அங்கத்தினர் நிலுவை ஆகிய பட்டியல்களை அச்சிட்டு, தலைவரும் காரியதரிசியும் கையொப்பமிட்டுத் தைத்து வைக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட ஏற்பு அளித்திருப்பது உண்மையே. எனினும் மின்சாரமில்லாத நாளிலும் அங்கத்தினர் கேட்டால் காட்டக்கூடியது காகிதந்தான். கூலி நாள்தோறும் மாலையில் தரவுத்தளத்தின் நகல் இரண்டு எடுக்கப்பட வேண்டும். ஒன்று அலுவலகப் பெட்டியிலும், மற்றொன்று அலுவலகத்திற்கு வெளியே குழு தீர்மானித்த இடத்திலும் இருக்க வேண்டும். எடுத்த நகல் திரும்பத் திறக்கிறதா என்று பாராமலே ஆண்டுக்கணக்கில் நகல் எடுத்துவைப்போர் உண்டு. மூன்று மாதத்திற்கு ஒருமுறை, வேறொரு கணினியில் அந்த நகலைத் திறந்து, அங்கத்தினர் மூவரின் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அவர்களை நேரில் வரவழைத்து, அவர்கள் கைப்புத்தகத்திலுள்ள நூல் நிலுவையையும் கூலியையும் சேமிப்பையும் திரையில் உள்ளதோடு வரிவரியாக ஒப்பிட்டு, நடவடிக்கைப் புத்தகத்தில் அம்மூவரின் கையொப்பத்தோடு பதிவு செய்ய வேண்டும். அந்த நாளுக்கு நிரலாளரை அழைக்க வேண்டியதில்லை. எழுத்தரே செய்து காட்டட்டும்.